பிர்ச் மரங்களின் நடுக்கம்

மஞ்சள் கழிப்பறை படத்தைவிட்டுப் போக மறுத்தது.

அருமையான பிர்ச் காடு. செப்டம்பர் வெயிலில் வெள்ளைத் தண்டுகள். நட்டநடுவில், நடைப்பயணிகளுக்காக நகராட்சி நிறுத்தியிருந்த பிளாஸ்டிக் கழிப்பறை. சிக்ஸ்டென் லெவ்கிரேன் கணினியில் படத்தை இழுத்து மங்கலாக்கும் மோஷன் பிளரைத் திறந்து, கோணத்தைச் செங்குத்தாக வைத்துக் கொஞ்சம் இழுத்தார். மரங்கள் தூரிகை பட்டதுபோல் மேலும் கீழும் வழிந்தன.

"மைலிஸ்! ஓடி வா! ஓவியம்டி, ஓவியம்!"

குளவி கொட்டி வீங்கிய கையில் ஐஸ் பையை அழுத்தியபடி மனைவி எட்டிப் பார்த்தாள்.

"கக்கூஸ் இன்னும் உசரமாயிருக்கு."

மேலும் இழுத்தார். கழிப்பறை மாதாகோயில் கோபுரமானது. இன்னும் இழுத்தார். காடு மொத்தமும் ஓட்ஸ் கஞ்சியானது. கழிப்பறையைக் காணோம். வெற்றி!

ஸ்வீடனின் தாலர்னா புகைப்படச் சங்கம் நடத்தும் போட்டிக்கு ஒரே விதிதான்: மங்கல் காட்டிலேயே, கேமராவைக் கையால் அசைத்து வரவேண்டும். கணினியில் குழைத்தவன் வெளியே. வருஷா வருஷம் தோற்ற சிக்ஸ்டெனுக்கு அந்த விதி சின்ன எழுத்தில்தான் தெரியும்.

அன்று எடுத்த எல்லாப் படங்களும் இருந்த பென்டிரைவை மைலிஸிடம் கொடுத்தார். "கடைசியா இருக்கிறதை அச்சுப் போட்டு நூலகத்துல போட்டிக்குக் குடுத்துடு." அவருக்கு நேரமில்லை. படத்துக்கு அருகில் ஒட்டும் 'கலைஞர் குறிப்பு' இன்னும் முதல் வாக்கியத்திலேயே நின்றது.

முதல் பரிசு, பதக்கத்தோடு!

நூலகச் சுவரில் பார்த்தபோது படம் அவருக்கே அடையாளம் தெரியவில்லை. நல்ல சட்டமும் விளக்கும் இருந்தால் கஞ்சிகூட இப்படி மின்னுமா! சங்கத் தலைவர் அல்கோட் பட்டுக் கழுத்துக்குட்டையைச் சரிசெய்துகொண்டு முழங்கினார்.

"இது வெறும் அசைவா? இல்ல! இயற்கைக்கு முன்னாடி மனுஷனோட நடுக்கம்! உயிர் பயம்! சிக்ஸ்டென், கையை எப்படிப்பா ஆட்டினே?"

"கையில்ல... முழங்கால்" என்று வாயில் வந்ததைச் சொன்னார் சிக்ஸ்டென்.

ஞாயிற்றுக்கிழமை சங்கமே காட்டில் நின்றது, முழங்கால் பயிற்சிக்கு. கேமராவோடு எல்லாரும் உட்கார்ந்து எழுந்தார்கள். சுள்ளி ஒடிவதுபோல் மூட்டுகள் சத்தம் போட்டன. படத்தில் மங்கல் வந்தது, நடுக்கம் வரவில்லை.

"மூச்சை அடக்கணும்" என்றார் சிக்ஸ்டென். பொருளாளருக்குத் தலை சுற்றியது.

"அப்ப குதிக்கணும்!"

அல்கோட் குதித்தார். இறங்கிய இடம் சதுப்பு. இடுப்புவரை உள்ளே போனவர் கேமராவை மட்டும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக் கூவினார்: "வந்துச்சா? நடுக்கம் வந்துச்சா?"

இழுத்துப் போட்டு, கூட வந்திருந்த மைலிஸின் போர்வையைச் சுற்றி, சூடான காப்பி கொடுத்தார்கள். அல்கோட் கண்கலங்கினார்.

"இவ்வளவு வருஷம் தலைவரா இருந்து எனக்கு வராத நடுக்கம் இவனுக்கு வந்திருக்கு. நான் விலகுறேன். இனிமே சிக்ஸ்டென்தான் தலைவர்!"

கைதட்டல் பலமாக எழுந்தது. சிக்ஸ்டென் கனவு கண்ட பதவி. ஆனால் எதிரே அந்த மனிதர் காலுறையைப் பிழிந்துகொண்டிருந்தார். அதைப் பார்க்க முடியவில்லை.

"அது... கணினியில பண்ணினது" என்றார் சிக்ஸ்டென். "முழங்கால் எல்லாம் புளுகு. மன்னிச்சிடுங்க."

அல்கோட் காலுறையைக் கீழே போட்டார்.

"பதக்கத்தைக் கழட்டு" என்றார் அல்கோட். "இனி நீ சங்கத்துல இல்ல."

காட்டைவிட்டு ஒருவரைத் துரத்த ஸ்வீடனில் சட்டம் கிடையாது. ஆகவே இலவங்கப்பட்டை பன் தட்டைத்தான் சிக்ஸ்டென் முன்னாலிருந்து நகர்த்தினார்கள்.

மைலிஸ் பிளாஸ்க்கைக் கீழே வைத்தாள்.

"அட மனுஷா, உன் கஞ்சியை அச்சுக்கடைப் பொண்ணு போடமாட்டேன்னுட்டா, மை வீணாம். பென்டிரைவுல வேற ஒண்ணைக் காட்டி அதைப் போடச் சொன்னேன். ஜெயிச்ச சந்தோஷத்துல நீ துள்ளினதால சொல்லாம விட்டுட்டேன்."

"வேற எது? நான் எடுத்ததா?"

அவள் பன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அல்கோட்டைப் பார்த்துச் சொன்னாள்:

"உயிர் பயம்னு நீங்க சொன்னது ரொம்பச் சரி. இவர் கேமராவை என்கிட்ட குடுத்துட்டு அந்த மஞ்சள் கக்கூஸுக்குள்ள போயிருந்தப்ப, குளவி துரத்த, கேமரா தானா கிளிக் கிளிக்னு அடிக்க, ஓடினது நான்தான்."