தாய்க்கே தெரியாத கார்டு

எங்கள் லிமா நகரத்துக் கணினிக் கடைத்தெருவில் இப்போதெல்லாம் முட்டைக்குத் தட்டுப்பாடு. வருகிற முட்டையெல்லாம் மூன்றாம் மாடிக்கு ஏறிவிடுகிறது. அங்கே மாயெஸ்த்ரோ பால்தொமேரோ கணினிகளுக்குத் திருஷ்டி கழிக்கிறார். இந்த ஊரில் கொத்தனாரும் மாயெஸ்த்ரோ, மந்திரவாதியும் மாயெஸ்த்ரோ. கொத்தனார் கட்டியதாவது சில சமயம் நிற்கும்.

மதர்போர்டை நாங்கள் தாய்ப்பலகை என்போம். அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது அவருக்கு. செருகிய கார்டு தெரியவில்லை என்று கணினி சொன்னால், "பெத்த தாய்க்கே புள்ளைய அடையாளம் தெரியலையா? கண்ணு பட்டிருக்கும்மா!" என்பார். பெட்டியை முட்டையால் தடவுவார், அருவதாத் தழைக் கட்டால் நாலு சாத்துச் சாத்துவார். அந்த அடியில் தளர்ந்திருந்த கார்டு எப்போதாவது சரியாக உட்கார்ந்துவிடும். பலித்தவன் ஊரெல்லாம் சொன்னான். பலிக்காதவன் தன் பக்தியில்தான் குறை என்று வாயை மூடிக்கொண்டான்.

கீழ்மாடியில் பதாகை அச்சடிக்கும் கிரிசெல்டாவும், தன் கணினி கிராபிக்ஸ் கார்டு தெரியவில்லை என்றதும், போனாள். ஊர்வலக் காலம். அந்தக் கார்டு இல்லாமல் அவள் வேலை ஓடாது. மாயெஸ்த்ரோ முட்டையை உடைத்துத் தண்ணீரில் விட்டார். வெள்ளைக்கரு நூல் நூலாகப் பிரிந்தது. எந்த முட்டையை விட்டாலும் அப்படித்தான் பிரியும்.

"உன் சட்டியிலயே சாப்பிடுறவ கண்ணு. புருஷன் இல்லாதவ. பெட்டியைத் திறந்துடாதே, திறக்கிறவங்க மேல பாஞ்சிடும்."

அப்படிப்பட்டவள் ஒருத்திதான் இருந்தாள். கிரிசெல்டாவின் செத்துப்போன தம்பியின் மனைவி நெலிடா. பத்து வருடம் கூடவே நின்று பதாகை வெட்டியவளை, இந்த நாத்தனார் அன்றே வீட்டை விட்டும் கடையை விட்டும் துரத்தினாள். பக்கத்துக் கடையில்தான் நான் இருந்தேன். தடுத்தேனா? நானும் வேடிக்கைதான் பார்த்தேன்.

பெட்டி குணமாகவில்லை. மறுபடி திருஷ்டி கழிக்க ஏற்பாடானது. மாடி முழுக்கக் கூட்டம். மாயெஸ்த்ரோ தடவினார், சாத்தினார், முட்டையை உடைத்தார்.

"ஆகா! கார்டு மேல கறுப்பா உக்காந்திருக்கு பார்! அந்தப் பொம்பளையோட கண்ணு!"

கூட்டத்துக்குள்ளிருந்து நெலிடா வந்தாள்.

"மாயெஸ்த்ரோ, கார்டு உள்ள இருக்கறது உங்களுக்குத் தெரியுதா?"

"தெரியாமலா? உன்னப் பார்த்ததும் நடுங்குது!"

"நல்லா பார்த்துச் சொல்லுங்க."

"என் கண்ணுக்குத் தப்பாது, போடி!"

நெலிடா தோள்பையில் கைவிட்டாள். கிராபிக்ஸ் கார்டை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அப்ப இது யாரு? கடைச் சாவி இன்னும் என்கிட்டதான் இருக்கு. நேத்தே கழட்டிட்டேன். எம்மேல எதுவும் பாயல."

கிரிசெல்டா பெட்டியைத் திறந்தாள். கார்டு இருக்க வேண்டிய இடம் காலி.

"அது... அது கார்டோட ஆவி..." என்றார் மாயெஸ்த்ரோ. பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். அப்புறம் மாடியே சிரித்தது. பெட்டி சுமந்து வந்தவர்கள் முட்டைக்காசைத் திருப்பிக் கேட்க ஆரம்பித்தார்கள்.

நெலிடா கார்டின் பொன்னிற விளிம்பை அழிரப்பரால் தேய்த்தாள். டக்கென்று சத்தம் வரும்வரை அழுத்திச் செருகினாள். தனி மின்கம்பியையும் மாட்டினாள். கணினி எழுந்து கார்டின் பெயரைச் சொன்னது.

"மேசைய நகர்த்தினப்போ ஆடிப்போச்சு, அக்கா. அன்னைக்கே சொல்ல வந்தேன். கதவைச் சாத்திட்டீங்க."

"வாடி வீட்டுக்கு" என்றாள் கிரிசெல்டா, முகத்தை மூடிக்கொண்டு.

"சாவியைக் குடுத்துட்டுப் போகத்தான் வந்தேன்." சாவியை மேசைமேல் வைத்துவிட்டு நெலிடா படியிறங்கினாள்.

அப்போதும் ஒரு பெரியவர், "முட்டை சுத்தினதாலதான் இப்ப வேலை செய்யுது" என்றார். ஐயா, உயிரில்லாத அந்தத் தாய்ப்பலகைகூடக் கார்டு இல்லாதபோது இல்லை என்றுதான் சொன்னது. மூளையைச் சுமந்துகொண்டு மூன்று மாடி ஏறிய நாம்தான், இல்லாத கார்டின்மேல் இல்லாத கண்ணைப் பார்த்து, இருந்த ஒருத்தியைத் துரத்தினோம்.