புகைபோக்கி இல்லாத வீடு

ஒரு மொழி அறவே தெரியாதவனால் யாருக்கும் ஆபத்தில்லை. வாயை மூடிக்கொண்டு இருப்பான். அரைகுறையாகத் தெரிந்தவனைத்தான் கட்டிப்போட வேண்டும். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், இத்தாலியின் பலெர்மோவில், என்னை யாரும் கட்டிப்போடவில்லை.

பொலிதேயாமாப் பக்கம் ஒரு சிஞோரா அம்மா வீட்டில் துடைப்பது, இஸ்திரி போடுவது என்று சில வருடங்கள் வேலை செய்திருந்தேன். அங்கே என் இத்தாலிய மொழி நன்றாகவே ஓடியது. (சிஞோரா கதைப்பார், நான் "ஸீ, சிஞோரா" என்று ஆமாம் போடுவேன்.) அந்தத் துணிவில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்த புது மனைவி சுகந்தியிடம், "இத்தாலியன் எனக்குத் தண்ணி பட்ட பாடு" என்று சொல்லி வைத்திருந்தேன்.

பல்லரோச் சந்தைக்குப் பின்னால் இரண்டு அறை வாடகை வீடு. சமைக்கும் குசினிச் சுவரில், வெந்நீர் தரும் பழைய கேஸ் பெட்டி ஒன்று. மாரிகாலம் என்பதால் ஜன்னல்களை இறுக்கிச் சாத்தியிருந்தோம். சுகந்திக்குத் தினமும் தலையிடி. ஊர் நினைப்பாக்கும் என்று பின்னேரங்களில் நெற்றியில் தைலம் தேய்த்துவிடுவேன். வந்த நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. என்னைத்தான் பிடிக்கவில்லையோ என்று உள்ளுக்குள் பயம்.

ஒரு நாள் காலை, வீட்டுக்காரர் அனுப்பியதாகச் சொல்லிக் கேஸ் பரிசோதகர் வந்தார். பருத்த மனிதர், தோளில் கருவிப் பை. மனைவி பார்க்கிறாள் என்று வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு அவர்முன் நின்றேன்.

"கன்னா ஃபுமாரியா எங்கே?" என்று இத்தாலிய மொழியில் கேட்டார்.

அப்படி ஒரு சொல்லை நான் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் 'ஃபுமாரே' என்றால் புகைபிடிப்பது. அது தெரியும்.

"இந்த வீட்டில் யாரும் புகைப்பதில்லை" என்றேன்.

"அப்படியென்றால் புகை எங்கே போகிறது?"

"புகையே கிடையாது. நாங்கள் இந்துக்கள்."

(ஊரில் சுருட்டுப் பிடித்த அத்தனை இந்துக்களும் என்னை மன்னிக்க வேண்டும்.)

"என்னப்பா கேக்கிறார்?" என்றாள் சுகந்தி.

"சிகரெட் பிடிக்கிறனியளோ எண்டு. நான் வடிவாச் சொல்லிப்போட்டன்."

அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பெட்டியை எரியவிட்டு, அதன் மேல்விளிம்பில் ஒரு தீக்குச்சியைப் பிடித்தார். சுடர் உள்ளே இழுபட வேண்டும். அதுவோ எங்கள் பக்கம் வளைந்தது. அவர் முகம் மாறியது. தன் நெற்றியைத் தொட்டுக் காட்டி, சுகந்தியிடம் ஏதோ கேட்டார்.

"மிக நல்ல சுகம்!" என்று நான் முந்திக்கொண்டேன்.

சுகந்தி என்னைப் பார்க்கவேயில்லை. தானும் நெற்றியைத் தொட்டாள். "ஓம், ஓம்! ஒவ்வொரு நாளும் இடிக்குது."

கேஸை மூடினார். ஜன்னல்களை அகலத் திறந்தார். அவளைப் பால்கனிக்கு அனுப்பிவிட்டு, பெட்டியிலிருந்து சுவருக்குள் போகும் குழாயைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். ஒரு இழுப்பு இழுத்தார். பல காலத்துக் கரியும் ஒரு முழுப் புறாக்கூடும் என் தலையில் இறங்கின.

"இதுதான் கன்னா ஃபுமாரியா."

புகைபோக்கி! அது அடைபட்டதால், மணமே இல்லாத நச்சுவாயு குசினிக்குள் தங்கியிருக்கிறது. முதலில் தலையிடிக்கும். பிறகு... அவர் கண்களை மூடித் தலையைச் சாய்த்துக் காட்டினார். அதை விளங்கிக்கொள்ள மொழி தேவைப்படவில்லை.

பால்கனிக்குப் போனேன். கீழே மீன்காரர்கள் கூவிக்கொண்டிருந்தார்கள்.

"சுகந்தி, எனக்கு இத்தாலியன் தெரியாது."

"அது எனக்கு எயார்போட்டிலையே தெரியும்" என்றாள். பிறகு என் கரிமுகத்தைப் பார்த்தாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் தலையிலிருந்து ஒரு புறா இறகை எடுத்துவிட்டு, மறுபடியும் சிரித்தாள். நானும் சிரித்ததாகத்தான் நினைவு. கரிக்கு மேலே இரண்டு கோடு வழிந்ததாக அவள் சொல்கிறாள்.

தலையிடி சில நாளில் போய்விட்டது. சுகந்தி இத்தாலிய மொழியை முறையாகப் படித்தாள். வீட்டுக்கு யார் வந்தாலும் அவள்தான் கதைப்பாள். அதே பரிசோதகர் பல வருடம் வந்தார். வாசலில் நின்று கண்ணைச் சிமிட்டி, "இந்த வீட்டில் யாராவது புகைவிடுகிறீர்களா?" என்று கேட்பார்.

"இவர் மட்டும்தான், வாயைத் திறந்தால்" என்பாள் சுகந்தி.

இப்போது அவர் வருவதில்லை. ஆனால் சாப்பாட்டு மேசையில் நான் எதைப் பற்றியாவது அடித்துப் பேசத் தொடங்கினால் போதும். எங்கள் மகள் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிடுவாள்.