கெடாவில் எதுவும் கெடாது

மலேசியாவின் கெடா மாநிலத்துக்குக் கெட்ட வானிலை என்று ஒன்று இதுவரை வந்ததே இல்லை. இதைச் சொன்னவர் வானிலை அதிகாரி அல்ல. சுங்கைப் பட்டாணியில் என் பக்கத்து வீட்டுக்காரர், மூசிம் அண்ணன். மூசிம் என்றால் மலாயில் பருவகாலம். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவியான அக்காவுக்கும் அடையாள அட்டைக்கும் மட்டும்தான் தெரியும். அக்கா பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், அட்டை பேசாது.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களை வேனில் ஏற்றி ஊர் சுற்றிக் காட்டுவது அவர் தொழில். எந்த மாதம் வந்தால் நல்லது என்று போனில் யார் கேட்டாலும் ஒரே பதில்தான்.

"இப்பதாங்க நல்ல மூசிம்! ஊரு பேரே கெடா. எப்படிங்க கெடும்?"

தீ மிதிப்பது போலக் கால் சுடும் வெயிலில் கேட்டாலும் இதேதான். அலோர் ஸ்டார் பக்கம் வயலும் ரோடும் ஒன்றாகித் தண்ணீர் நிற்கும்போதும் கூசாமல் இதையே சொல்லி ஆட்களைக் கூட்டிப் போனார். "வயலைப் பார்க்க வந்தீங்க, கடலையும் சேர்த்துக் காட்டிட்டேன். இதுக்குத் தனியா டுயிட் வேணாம்" என்று காசு கேட்காத பெருந்தன்மை வேறு.

ஒருமுறை கோயம்புத்தூரிலிருந்து ஒரு புதுமணத் தம்பதி வந்திருந்தார்கள். வேனில் இடம் இருந்ததால் நானும் தொற்றிக்கொண்டேன்.

"அண்ணே, இங்க மழைக்காலம் எந்த மாசம்?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"எங்க ஊருல மழை மாசக் கணக்குல வராது தம்பி. மணிக் கணக்குலதான் வரும். சாயந்தரம் நாலு மணிக்கு டாண்ணு வந்துரும்."

சொல்லி வாய் மூடவில்லை, பட்டப்பகல் பதினோரு மணிக்குக் கொட்டித் தீர்த்தது. மாப்பிள்ளை அவரையே பார்த்தார். மூசிம் அண்ணன் வைப்பரைத் தட்டிவிட்டு, "இது நேத்து மழை. லேட்டா வருது" என்றார்.

மழை விட்டதும் பாடாங் மேஹா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வேனை நிறுத்தினார். பிப்ரவரி மாதம், இலையெல்லாம் சிவந்து உதிர்ந்து கொண்டிருந்தது. "ஐரோப்பா போக எவ்வளவு ஆகும் தெரியுமா? இறங்குங்க லா, இலையுதிர் காலம்!" என்று எங்கள் ஊர் 'லா' போட்டு இருவரையும் மரங்களுக்கு நடுவே நிற்க வைத்துப் படம் எடுத்தார். கொசு படத்தில் விழவில்லை. அதனால் படத்தைப் பார்த்த மாமியார் ஊரிலிருந்து போன் போட்டு, "மலேசியான்னு சொல்லிட்டு சுவிட்சர்லாந்தா போனீங்க?" என்று சண்டைக்கு வந்துவிட்டார்.

குளிர்காலமும் உண்டா என்று மணப்பெண் ஒரு பேச்சுக்குக் கேட்டுத் தொலைத்தாள். நேராக எங்கள் ஊர் சூப்பர்மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய், உறைந்த கோழிகள் இருக்கும் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார். கை நடுங்கும்வரை நகர விடவில்லை.

இத்தனை புளுகும் வியாபாரத்துக்காக என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் அவர் மகள் மாலாவிடமும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். மாலா அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் தாதி. அங்கேயே கல்யாணம், அங்கேயே பிள்ளை. பேரனைப் போன் திரையில்தான் பார்த்திருந்தார் மனுஷன். பிள்ளைக்கு அடிக்கடி நெஞ்சு இழுக்கும், வெயிலும் புழுக்கமும் ஒத்துக்கொள்ளுமோ என்று மாலா பயணத்தைத் தள்ளித் தள்ளிப் போட்டாள். வெளியே அடைமழை பெய்யும்போதுகூட இவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரை முன்னால் உட்கார்ந்து, "நல்ல மூசிம்மா, கிளம்பி வா" என்பார்.

கடைசியில் ஒருவழியாக மாலா டிக்கெட் எடுத்தாள். அக்கா அறைக்குச் சாயம் அடித்து, தொட்டில் வாங்கிப் போட்டார். மூசிம் அண்ணன் வேனைத் தினம் கழுவினார்.

அந்த நேரம் பார்த்துப் புகைமூட்டம் வந்து சேர்ந்தது. எங்கேயோ காட்டை எரிக்கிறான், இங்கே நமக்குக் கண் எரிகிறது. எங்கள் வாசலிலிருந்து தெரியும் ஜெராய் மலையைக் காணோம். மலை எங்கே என்று கேட்ட பயணிகளிடம், "லீவுல போயிருக்கு, அடுத்த வாரம் வந்துரும்" என்றாராம்.

மாலா கிளம்புவதற்கு முந்தின நாள் நான் அவர் வீட்டில் இருந்தபோது போன் வந்தது.

"அப்பா, விளையாடாம சொல்லுங்க. அங்க இப்ப எப்படி இருக்கு? இவனுக்குத் தாங்குமா?"

அவர் வாயில் வரப்போவது எனக்கு மனப்பாடம். தொட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்த அக்காவும் கையை நிறுத்தினார். மூசிம் அண்ணன் வாசல் வழியே மலை இருக்க வேண்டிய இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இப்ப வேணாம்மா" என்றார். "மூசிம் சரியில்ல. பிள்ளைக்கு ஆவாது."

போனை வைத்துவிட்டு வேனுக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

அவள் டிக்கெட்டை மாற்றிய மூன்றாம் நாளே மழை வந்து புகையை அடித்துக்கொண்டு போய்விட்டது. மூசிம் அண்ணன் நடுத்தெருவில் நனைந்தபடி நின்று வானத்தோடு மல்லுக்கட்டினார். "இப்பத்தான் வழி தெரிஞ்சிச்சா லா உனக்கு? நாலு நாளைக்கு முன்னாடி வந்தா என்னா லா?" அக்கா குடையோடு ஓடிப் போய் இழுத்துவர வேண்டியதாயிற்று.

மாலா நவம்பரில் வந்தாள். வந்திறங்கிய நேரத்திலிருந்து விடாத மழை. இரண்டாம் நாள் சாயந்தரம் குடையோடு வேலியோரம் போய் எட்டிப் பார்த்தேன். மூசிம் அண்ணன் தோளில் பேரனைப் போட்டுக்கொண்டு, வாசல் கூரைக்குக் கீழே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெல்ல நடந்துகொண்டிருந்தார்.

"என்னண்ணே, பேரன் என்ன சொல்றாரு?" என்றேன்.

"கத்தாத லா. இப்பத்தான் தூங்குறான்."

அந்த நேரம் வானத்தில் ஓர் இடி உருண்டது. பிள்ளை சிணுங்கினான். மூசிம் அண்ணன் அண்ணாந்து பார்த்து, உதட்டில் விரல் வைத்து, "உஷ்!" என்றார்.

அப்புறம் இடிக்கவில்லை. இடித்திருந்தால், இந்த முறை நடுத்தெருவில் நின்று சண்டை போட நான் போயிருப்பேன்.