எனக்கு வராத சக்தியை நான் வாரி வழங்கிய கதை

நான் செய்த தவறுக்கு இன்னொருவர் பெயரைச் சொன்னவன் நான். அதுவும் ஈரச் சட்டையோடு, எங்கள் அடுக்ககத்தின் மொட்டை மாடியில், அக்கம்பக்கத்தார் எல்லோரும் கூடி நிற்க, பாடம் சொல்லியே பிழைத்த இந்த வாயால் சொன்னேன். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஏனென்றால், இந்தக் கதையை எங்கள் வீட்டில் யார் சொன்னாலும் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிற இடத்தில் சிரித்து முடித்துவிடுகிறார்கள். என் தவறு அதற்கு அடுத்த நிமிடத்தில் இருக்கிறது.

திருச்சியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். வீடு பொன்மலைப் பக்கம். வாத்தியார் வேலையில் ஒரு தொழில் ரகசியம் உண்டு: நேற்று ராத்திரி படித்ததை இன்று காலையில், பிறந்ததிலிருந்தே தெரிந்த மாதிரி நடத்துவது. குவாண்டம் இயற்பியலை முதன்முதலாக நடத்திய வருடம் மாணவர்களைவிட ஒரே ஒரு பக்கம்தான் முன்னால் இருந்தேன். (சில நாட்களில் அந்த ஒரு பக்கமும் இல்லை.) யாரும் கண்டுபிடிக்கவில்லை. அந்தத் துணிச்சல்தான் பிறகு ஸ்ரீரங்கம் வரைக்கும் வந்தது.

என் மனைவி ரெஜினாவுக்கு முழங்கால் வலி. மாதா கோயிலில் முழந்தாளிட முடியாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பாள். யாரோ சொன்னார்கள், ஸ்ரீரங்கத்தில் கமலா டீச்சர் என்று ஒருவர் சீனத் தாவோ முறையில் மூச்சுப் பயிற்சி, சக்திப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிறார் என்று. டீச்சர் மலேசியாவில் ஈப்போவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்மணி; அந்த ஊர் ‘லா’ இன்னும் பேச்சின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கே சீன மருந்துக் கடை வைத்திருந்த ஒருவரிடம் பல வருடங்கள் கற்றவர். ஸ்ரீரங்கத்தில் வாழ்க்கைப்பட்டு, கணவரும் போன பிறகு, அவர் விட்டுச்சென்ற ஃப்ளாட்டில் தனியாக இருந்தார். காலையில் அந்த அடுக்ககத்தின் மாடியில் வகுப்பு. அந்த வகுப்புதான் அவரை இந்த ஊரில் பிடித்து வைத்திருந்தது.

அந்தச் சக்தியைச் சீனர்கள் ‘சீ’ என்கிறார்கள். அந்த எழுத்தைச் சொல்லிக்கொண்டு நம் ஊரில் வகுப்பு நடத்த முடியாது என்பதால் டீச்சர் சக்தி என்றே சொன்னார். பயிற்சி பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. காலை அகட்டி, முழங்காலை லேசாக மடக்கி, பெரிய தூணைக் கட்டிப்பிடித்த மாதிரி கைகளை வளைத்து நிற்க வேண்டும். காந்தி மார்க்கெட்டில் வாழைத்தாரை வாங்கி அணைத்துக்கொண்டு ஆட்டோவுக்காக நிற்பவனைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அதேதான். தார் மட்டும் கிடையாது.

முக்கியமான விஷயம் கடைசியில் வரும். டீச்சர் ஒவ்வொருவர் முன்னாலும் வந்து, தன் உள்ளங்கையை நம் உள்ளங்கைக்கு நேராக, தொடாமல் கொஞ்ச நேரம் வைத்திருப்பார்.

“எந்தப் புத்தகத்தில இருக்கு இது?” என்று முதல் நாளே கேட்டேன்.

“புக்கில இல்ல சார். என் குரு எனக்குக் கொடுத்தாரு, நான் உங்களுக்குக் கொடுக்கிறேன். பாலுக்கு உறை ஊத்துற மாதிரிலா. உறை விழுந்ததும் சும்மா வெச்சிடணும். ஆட்டக் கூடாது, அடிக்கடி தொறந்து பாக்கக் கூடாது. நல்லா தோஞ்சப்புறம்தான் அதிலேர்ந்து இன்னொரு பாலுக்கு எடுக்கலாம். அது எப்பன்னு நான் சொல்லுவேன். அதுவரைக்கும் யாருக்கும் கொடுக்கக் கூடாது.”

ரெஜினா முறை வந்தது. கண்ணை மூடியிருந்தவள் திடுக்கிட்டு, “மாதாவே! இட்லிப் பானை மூடியத் தொறந்த மாதிரி சுடுது டீச்சர்” என்றாள்.

அடுத்து நான். என் உள்ளங்கையில் ஒரு கொசு உட்கார்ந்தது. வேறு எதுவும் நடக்கவில்லை.

“சாருக்கு வந்துச்சா?”

பக்கத்தில் என் மனைவி. பத்தாம் வகுப்போடு நிறுத்தியவள், இட்லிப் பானை என்கிறாள். முனைவர் பட்டம் வாங்கியவன் கொசு என்று சொல்வதா? “வந்தது டீச்சர். மின்காந்தப் புலம் மாதிரி, அலை அலையாக” என்றேன்.

டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். “நல்லது சார்” என்று அடுத்தவரிடம் போய்விட்டார்.

அன்று முதல் எனக்குத் தினமும் வந்தது. சில நாள் அலையாக, சில நாள் துகளாக. ரெஜினாவோ வாயையே திறப்பதில்லை. நிற்பாள், வீட்டுக்கு வருவாள், சாம்பார் வைப்பாள். சில மாதங்களில் மாதா கோயிலில் அவள் முழந்தாளிட்டதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. பக்தியால் என்று பங்குச் சாமியார் நினைத்திருப்பார். பாதி பொறாமை.

பொன்மலை மைதானத்தில் என்னோடு காலாற நடக்கும் கூட்டம் ஒன்று உண்டு. எல்லோரும் ரயில்வே பணிமனையில் ஓய்வு பெற்றவர்கள். அதில் ஃபோர்மேனாக இருந்த கோபால் என் நெருங்கிய சிநேகிதர். அவருக்குத் தோள்பட்டை வலி. கையைத் தூக்கிச் சீப்பால் தலை வார முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். (வாருவதற்கு அங்கே அதிகம் இல்லை என்பது வேறு விஷயம்.)

“ஸ்ரீரங்கம் வரைக்கும் எதுக்கு? நானே கொடுக்கிறேன்” என்றேன்.

“நீங்க கொடுக்கலாமா சார்?”

“டீச்சரே சொல்லிட்டாங்க.”

இது இரண்டாவது பொய். முதல் பொய்க்குத் துணையாக இருக்கட்டும் என்று சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் எங்கள் மாடியில் ஏற்பாடு. நடைக் கூட்டம் முழுக்க வந்துவிட்டது. ஒருவர் செல்போனைத் தூக்கிப் படம் எடுக்க ஆரம்பித்தார். மாடிப்படி வாசலில் ரெஜினா கையில் காபித் தட்டோடு நின்று, “என்னங்க, வேணாங்க” என்று மெதுவாகச் சொன்னாள். எனக்குக் கேட்டது. கேட்காத மாதிரி இருந்தேன்.

கோபாலைத் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் நிற்க வைத்தேன். கண்ணை மூடச் சொன்னேன். உள்ளங்கையை நீட்டினேன்.

“ஏதாவது வருதா கோபால்?”

“பசி வருது சார்.”

கூட்டம் சிரித்தது. வகுப்பில் சிரித்த மாணவனை நான் சும்மா விட்டதே இல்லை. மூச்சை அடிவயிறு வரை இழுத்து, இரண்டு கைகளையும் முன்னால் தள்ளி, “ஹா!” என்றேன். டீச்சர் இப்படி ஒருநாளும் செய்ததில்லை. அந்தச் சத்தம் என் சொந்தக் கண்டுபிடிப்பு.

கோபால் ஆடினார். பின்னால் சாய்ந்தார். நம்ப முடியாமல் நான் இன்னொரு ‘ஹா’ விட்டேன். அவர் மேலும் சாய்ந்து, தொட்டியிலிருந்து இறங்கும் பிளாஸ்டிக் குழாயின் மேல் மொத்தமாக விழுந்தார். குழாய் முறிந்தது. அப்போதுதான் மோட்டார் போட்டு நிரப்பிய தொட்டி. திரவத்தின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது என்று எத்தனையோ வருடம் கரும்பலகையில் படம் போட்டிருக்கிறேன். அன்று அது என் முகத்திலேயே நேரடியாக நிரூபணமானது. தண்ணீர் படியில் அருவியாக இறங்கி, கீழ்வீட்டு வரவேற்பறைக்குள் புகுந்து, கரண்டும் போனது. கோபால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஈரத்தில் உட்கார்ந்திருந்தார்.

எல்லோரும் மேலே ஓடி வந்தார்கள். கீழ்வீட்டுக்காரர் கத்தினார். “யார் சார் இந்தக் கூத்தெல்லாம் சொல்லிக்கொடுத்தது?”

“ஸ்ரீரங்கத்துக் கமலா டீச்சர்தான். அவங்க செய்யச் சொல்லித்தான் செஞ்சேன்” என்றேன்.

செல்போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ரெஜினா என்னைப் பார்த்தாள். காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, கோபாலைத் தூக்கிவிடப் போனாள்.

மறுநாளே அந்த வீடியோ ஊர் சுற்றியது. என் இரண்டு ‘ஹா’க்களும் அதில் தெளிவு. ‘ஸ்ரீரங்கத்தில் சீன மந்திரம், பெரியவர் கை முறிந்தது’ என்று யாரோ தலைப்பும் வைத்துவிட்டார்கள். டீச்சரின் அடுக்ககச் சங்கம் கூடி, இனி மாடியில் வகுப்பு கூடாது என்று சொல்லிவிட்டது. டீச்சர் ரெஜினாவிடம் போனில், ஈப்போவில் அண்ணன் வீட்டுக்கே போய்விடலாம் என்று இருக்கிறேன் என்றாராம். என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம்.

“டீச்சர்கிட்ட மன்னிப்புக் கேட்கிறேன்” என்றேன்.

“அவங்ககிட்ட கேட்டா அவங்க மன்னிச்சுடுவாங்க. உங்களுக்கு அது சுலபம். யாரு வகுப்பை நிறுத்துனாங்களோ அவங்க முன்னாடி போய்ச் சொல்லுங்க. முழுசா சொல்லுங்க” என்றாள் ரெஜினா.

முழுசாக என்றால் எது வரைக்கும் என்று அவளுக்குத் தெரியும் போலிருந்தது.

அடுத்த சங்கக் கூட்டத்துக்குப் போனோம். கையில் மாவுக்கட்டோடு கோபாலும் வந்தார். சங்கச் செயலாளர் திருமண் துலங்கும் நெற்றியோடு, கோயில் கைங்கர்யத்திலேயே காலம் கழித்த பெரியவர். டீச்சர் ஓரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து சொன்னேன். டீச்சர் எனக்கு அனுமதி கொடுக்கவில்லை. கொடுத்தார் என்றது பொய். பழியை அவர் மேல் போட்டது அதைவிடப் பெரிய பொய்.

செயலாளர் யோசித்தார். “ஸ்வாமி, அடியேனுக்கு ஒரு சந்தேகம். அவா அனுமதி இல்லேன்னாலும், உங்க கையிலேர்ந்து ஏதோ போய்த்தானே இவர் விழுந்தார்? அப்போ இது அபாயமான வித்தைதானே?”

இதை இப்படியே விட்டால் வகுப்பு போய்விடும். ரெஜினாவைப் பார்த்தேன். பிறகு தரையைப் பார்த்தேன்.

“என் கையிலிருந்து எதுவும் போகலை சார். ஏன்னா என் கைக்கு எதுவும் வந்ததே இல்லை. முதல் நாள் வந்தது ஒரு கொசு மட்டும்தான்.”

அப்போது கோபால் கட்டுப் போட்ட கையைத் தூக்கினார். (தோள் வலி போய்விட்டிருந்தது போலும்.)

“நான் தானாதாங்க விழுந்தேன். இவரு அவ்வளவு கஷ்டப்பட்டு கத்துறாரு, எல்லாரும் சிரிக்கிறாங்க. பாக்கப் பாவமா இருந்துச்சு. சரி, கொஞ்சம் சாஞ்சு குடுப்போம்னு சாஞ்சேன். பின்னாடி குழாய் இருந்தது தெரியல.”

செயலாளர்தான் முதலில் சிரித்தார். தோளில் இருந்த அங்கவஸ்திரம் நழுவும் அளவுக்குச் சிரித்தார். “நாளைக்கே ஆரம்பிச்சுடுங்கோம்மா. பெருமாள் அனுக்கிரகம்” என்றார் டீச்சரிடம்.

வெளியே வந்ததும் டீச்சர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான். “கொசுன்னு அன்னிக்கே எனக்குத் தெரியும் சார். பரவாயில்லலா. நீங்க இனிமே வாங்குற வரிசையில நிக்க வேணாம். பாய் விரிங்க.”

விரித்தேன். விடியற்காலை பஸ் பிடித்துப் போய், எல்லோருக்கும் பாய் விரித்து, கடைசியில் சுருட்டி, உதறி அடுக்குவேன். டீச்சர் ஈப்போவுக்குப் போகவில்லை. நீண்ட நாளைக்குப் பிறகு ஒருநாள் அவர் ரெஜினாவை மட்டும் அழைத்து, “தோஞ்சிடுச்சு. இனிமே நீங்க கொடுக்கலாம்” என்றார். அன்று ஸ்ரீரங்கத்திலிருந்து பொன்மலை வரைக்கும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம், “இவங்க என் மனைவி” என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கண்டக்டரிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். என் முனைவர் பட்டத்துக்குக்கூட நான் அவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

இப்போது பொன்மலை மைதானத்தில் ரெஜினா வகுப்பு நடத்துகிறாள். முதல் வரிசையில் கோபால். பாய் விரிப்பது நான்.

எங்கள் வீட்டில் எதற்கும் “வந்துச்சா?” என்று யாரும் சாதாரணமாகக் கேட்க முடியாது. கரண்ட் போய்த் திரும்பினாலும், பேத்திக்குப் பரீட்சை முடிவு வந்தாலும், “தாத்தா, வந்துச்சா? அலையா, துகளா?” என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். கோபால் வீட்டுக்கு வந்தால் போதும், என் மகன் ஓரமாக நின்று “ஹா” என்பான். அவர் சோபாவில் சாய்ந்து விழுவார். காபி வரும்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் காலை, பாயெல்லாம் விரித்துவிட்டுக் கடைசி வரிசைக்குப் பின்னால் சும்மா நின்றிருந்தேன். எதையும் எதிர்பார்க்கவில்லை. ரெஜினா ஒவ்வொருவராக முடித்துக்கொண்டு வந்தவள், என் முன்னாலும் நின்று உள்ளங்கையைக் காட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, “என்னங்க, வந்துச்சா?” என்றாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து பாயைச் சுருட்டத் தொடங்கினேன். வாத்தியாராக இருந்த காலமெல்லாம் தெரியாததற்கும் பதில் சொன்னவன், தெரிந்த பதிலைச் சொல்லாமல் வைத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

(அதையும், தோயும் முன்பே, இப்போது உங்களிடம் திறந்து காட்டிவிட்டேன். டீச்சருக்குத் தெரிந்தால் இன்னும் கொஞ்ச காலம் பாய் விரிக்க வேண்டியிருக்கும். விரித்துக்கொள்கிறேன்.)