டாலிகஞ்ச் குளக்கரையில் மீன்கொத்திப் போர்

முக்காலியே தேராக, ஒற்றைக்கண் காமிராவே படைக்கலமாக, தலைமேற் கவிந்த கருந்துணியே கவசமாக, காளிகாட்டு இல்லம் நீங்கி டாலிகஞ்சுக் குளக்கரைக் களம் புகுந்த குமாஸ்தாகுல திலகன், கோப்புகளைக் கலங்கடித்த கோமான், வைத்தீஸ்வரன் வாழ்க! அத்தேரைத் தோளிற் சுமந்து, செருப்பிற் சேறு அப்பப் பின்தொடர்ந்த பெருந்தேவி ஜலஜா அவனினும் நீடு வாழ்க!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதாம் ஆண்டு மார்கழி ஞாயிறு அது. "திங்கட்கிழமை காலை மீன்கொத்தியின் திருவுருவை இம்மேஜைமேல் வைப்பேன், தவறின் இப்பிறவியில் இனிக் காமிராவைத் தீண்டேன்!" என்று காரியாலயத்தில் ஒன்பது வங்காள பாபுக்கள் வெற்றிலை மெல்வதை நிறுத்திக் கேட்குமாறு சூளுரைத்திருந்தான் வீரன். அவன் கொணர்ந்த, படம் பதியும் கண்ணாடித் தட்டுகள் ஆறனுள் ஐந்து, அப்புள் பறந்து பறந்து செய்த மாயப்போரில் வீணே மாண்டன. எஞ்சியது ஒன்றே.

அப்போது, நீலமணியைச் செதுக்கி நெருப்பில் அலகு தோய்த்தாற்போன்ற அப்பகைவன், நீரிடை நட்ட மூங்கிற்கழியில் வந்தமர்ந்தான். கருந்துணியுட் புகுந்தான் வைத்தீஸ்வரன். காமிராவின் பின்புற மங்கற்கண்ணாடியில் உலகம் தலைகீழாயிற்று; குளம் வானாயிற்று; பறவை வௌவாலெனத் தொங்கிற்று. மூச்சையும் தும்மலையும் ஒருங்கே அடக்கி, உருவைத் தெளிவிக்கும் திருகைத் தினையளவு முன்னும் எள்ளளவு பின்னும் திருப்பி, இறகின் இழையொவ்வொன்றும் தெளிய நிறுத்தினான். அந்த நொடியில் அவன் உள்ளத்தே முரசங்கள் ஆயிரம் முழங்கின.

துணியின் ஓரத்தை விலக்கித் தானும் நோக்கிய தேவி திருவாய் மலர்ந்தாள்.

"ஏன்னா, நட்டநடுவிலே உக்காத்தி வெச்சிருக்கேளே. மூக்குக்கு முன்னாடி கொஞ்சம் எடம் விடப்படாதா? பாவம், முட்டிக்கப் போறது."

"நாயகன் நடுவில் வீற்றிருப்பதே மரபு!" என்று துணிக்குள்ளிருந்து முழங்கினான் வீரன்.

"போட்டோவா, பட்டாபிஷேகமா? உங்க இஷ்டம்."

அச்சொல் அம்பினும் கூரிதாய்த் தைத்தது. மீண்டும் நோக்கினான்; அவள் சொன்னதே அழகு. வெட்கம் ஒருபுறமும் வேட்கை ஒருபுறமும் பற்றியீர்க்க, முக்காலியை இரண்டடி முன்னே நகர்த்தி, பறவையை ஓரத்தில் இருத்தி, அலகின்முன் அகன்ற நீர்ப்பரப்பை விரித்தான். இறுதித் தட்டைச் செருகினான், அதன் மறைப்பை உருவினான், காளியையும் வைத்தியநாதனையும் ஒரே மூச்சில் விளித்து, படம்பிடிக்கும் ரப்பர்க்குமிழை அழுத்தினான். பகைவன் அசையவில்லை! குளக்கரை அதிர வெற்றி ஆர்ப்பரித்தான் வைத்தீஸ்வரன். அதன் பின்னரே பறந்தது புள்.

அந்தியில், சன்னலடைத்த சமையலறையில், செவ்விளக்கொளியில், மருந்துநீரினின்று மெல்ல எழுந்தது அக்காட்சி. அந்தோ! முக்காலியை இடம்பெயர்த்த வேந்தன், அதற்கேற்பத் தெளிவுத் திருகை மீண்டும் திருப்ப மறந்திருந்தான். எதிர்க்கரைப் புதர்மேல் எவரோ உலர்த்தியிருந்த வேஷ்டி, விளிம்பின் நூலிழைகளை எண்ணிவிடலாம் எனும்படி துலங்கிற்று. மீன்கொத்தியோ, ஊதுவத்திப் புகையென ஓரத்தில் கலங்கி நின்றது.

ஜலஜா தட்டை விளக்கருகே தூக்கிப் பிடித்தாள்.

"எடம் விட்டது என்னமோ நன்னாத்தான் இருக்கு" என்றாள்.

மறுநாள் திங்கட்கிழமை காலை அவள் அந்தத் தட்டை நன்றாகத் தேய்த்துக் கழுவி, எலுமிச்சங்காய் ஊறுகாய் ஜாடிக்கு மூடியாக வைத்தாள்.