கஞ்சி போட்ட சட்டைகளும் உன் மகளின் சொட்டு மருந்தும்

அன்பிற்குரிய தங்கைக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணியும் உன் மகளும் நலம். அங்கே நீயும் உன் நர்சிங் பயிற்சியும் நலமாக இருக்க வேண்டும். மாப்பிள்ளை கப்பலிலிருந்து போனில் பேசினாராம், அவரும் நலம் என்று அறிந்து மகிழ்ந்தோம். எல்லாரும் நலம் என்று எழுதி முடித்துவிட்டதால் இனி நடந்ததை எழுதுகிறேன்.

உனக்கு ஆஸ்பத்திரி வளாகத்திலேயே வீடு கிடைத்துவிட்டது, பக்கத்திலேயே பள்ளிக்கூடமும் இருக்கிறது, பாப்பாவை அங்கேயே அழைத்துக்கொள்ளட்டுமா, எத்தனை நாள்தான் உங்களுக்குத் தொந்தரவு கொடுப்பது என்று கேட்டிருந்தாய். நீ மரியாதைக்குக் கேட்டாய் என்று தெரியும். நானும் மரியாதைக்கு, தொந்தரவாவது ஒன்றாவது, அவள் எங்கள் வீட்டுப் பிள்ளை அல்லவா என்று எழுதியிருக்க வேண்டும். ஆனால் நிதானமாக யோசித்து, மனதில் கோபம் எதுவும் இல்லாமல், காபி குடித்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்: அழைத்துக்கொள். கூடிய சீக்கிரம் அழைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கே வந்தாலும் ஸ்டேஷனுக்கு நான் வந்து நிற்கிறேன்.

குழந்தைமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை எல்லாம் இந்த வருஷம் புதிதாக வந்திருக்கிற அறிவியல் டீச்சர்மேல்தான். அந்தம்மா பாடப்புத்தகத்தை மேஜை ஆடாமல் இருக்க அடியில் வைத்துவிட்டு, எல்லாவற்றையும் பிள்ளைகளே கையால் செய்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற கட்சி. முதல் பாடம் கலவை. ஒன்றோடு ஒன்று கலந்தாலும் திரும்பப் பிரித்துவிட முடிந்தால் அது கலவையாம். சரி, நல்ல விஷயம்தானே என்று நானும் தலையாட்டினேன். மறுநாள் உன் அண்ணி அரிசி டப்பாவைத் திறக்கிறாள், உள்ளே அரிசி, பருப்பு, உப்பு, என் சலவைக் கடையின் குண்டூசி எல்லாம் ஒன்றாக இருக்கிறது. "என்னடி இது?" என்றால், "பயப்படாதீங்க அத்தை, இது கலவைதான், பிரிச்சிடலாம்" என்கிறாள் உன் மகள். பிரிக்கவும் செய்தாள், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். காந்தத்தை விட்டுக் குண்டூசியை எடுத்தாள், சல்லடையில் சலித்து உப்பை எடுத்தாள். அரிசியையும் பருப்பையும் பிரிக்கிற கருவி மட்டும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று சொல்லி அந்த வேலையை எங்களிடம் விட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாள். நாங்கள் இரண்டு பேரும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து பொறுக்கினோம்.

அதற்குப் பிறகு கரைசல். கடையில் இஸ்திரி போடுகிற வேலை எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும், தாகம் நாக்கை இழுக்கும். ஜன்னலோரம் ஒரு டம்ளரில் தண்ணீர் பளிங்கு மாதிரி நிற்கிறது, எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டேன். கடலையே குடித்த மாதிரி இருந்தது. நான் குழாயடிக்கு ஓடிக் கொப்பளித்துக்கொண்டிருக்கிறேன், பின்னால் ஓர் அழுகைச் சத்தம். அட, மாமாவுக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பிள்ளை பயந்துவிட்டதே என்று நெஞ்சு இளகித் திரும்பினால், "என் கரைசலைக் குடிச்சிட்டீங்களே மாமா! தண்ணி ஆவியாகி உப்பு மட்டும் நிக்கும்னு டீச்சர் சொன்னாங்க, நான் இப்ப வகுப்புல என்னத்தைக் காட்டுவேன்?" என்று விம்முகிறாள். மன்னிப்புக் கேட்டேன். வேறு டம்ளரில் உப்பும் நானே கரைத்துக் கொடுத்தேன். வினிகரும் சமையல் சோடாவும் கலந்தால் நுரை பொங்கும் என்பதையும், அதை நான் துணிக்குத் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலில் ஊற்றி இறுக்கி மூடினால் மூடி கூரையில் போய் முட்டும் என்பதையும் நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்று விரிவாக எழுதவில்லை. சீலிங் ஃபேன் ஓடத்தான் செய்கிறது, கொஞ்சம் சாய்ந்து ஓடுகிறது.

இதெல்லாம் பெரிசில்லை. வியாழக்கிழமை நடந்ததுதான் விஷயம். எங்கள் ஊர் பேண்டு வாத்தியக் குழுவுக்குச் சட்டை வெளுத்துக் கொடுப்பது நம்ம கடைதான் என்பது உனக்குத் தெரியும். பேண்டு மாஸ்டர் ஒரு மாதிரியான ஆள். சட்டை அட்டை மாதிரி நிற்க வேண்டும், காலர் மடங்கக் கூடாது, அவர் நடந்தால் சட்டை தனியாகச் சத்தம் போட வேண்டும். உன் அண்ணி அவருக்கு விறைப்பு என்று பேர் வைத்திருக்கிறாள், அவர் காதில் விழாதவரைக்கும் சரி. அன்று சாயங்காலம் நகர மண்டபத்தில் அவர்களுக்குக் கச்சேரி. எல்லாச் சட்டைக்கும் மொடமொடவென்று கஞ்சி போட்டு, பாக்கெட்டில் சிவப்பு நூலில் பின்னியிருக்கிற ஊதுகுழல் படம் நசுங்காமல் இஸ்திரி போட்டு, வரிசையாக மாட்டிவிட்டு நான் சாப்பிட உள்ளே போனேன். அவ்வளவுதான் நான் செய்த தப்பு.

அன்று வகுப்பில் மாவுச்சத்துப் பாடம். அயோடின் என்கிற பழுப்பு மருந்தைத் தண்ணீரில் கலந்து சின்னச் சீசாவில் ஊற்றி, சொட்டு விடுகிற குழாயோடு ஆளுக்கொன்று கொடுத்துவிட்டார் டீச்சர். மாவுச்சத்து இருக்கிற பொருள்மேல் அது பட்டால் கருநீலமாக மாறிவிடும், வீட்டில் எதில் எதில் இருக்கிறது என்று பார்த்து வாருங்கள் என்றாராம். உன் மகள் உருளைக்கிழங்கில் விட்டாள், ரொட்டியில் விட்டாள், சோப்பில் விட்டாள், தூங்கிக்கொண்டிருந்த பூனையின் காதில் விடப் போனபோது பூனை தப்பித்தது. அப்புறம் அவளுக்கு ஞாபகம் வந்திருக்கிறது, மாமா சட்டைக்குப் போடுவது கஞ்சி, கஞ்சி மாவில்தானே காய்ச்சுகிறார்?

நான் கை கழுவிவிட்டு வருகிறேன். சட்டைகள் எல்லாம் அப்படியே வரிசையாகத் தொங்குகின்றன, ஒவ்வொன்றின் நெஞ்சிலும் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு கருநீலப் பொட்டு. துப்பாக்கியால் சுட்ட மாதிரி. ஸ்டூல்மேல் நின்றுகொண்டு கடைசிச் சட்டைக்குச் சொட்டு விட்டுக்கொண்டிருந்தவள் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி, "மாமா! எல்லாத்துலயும் இருக்கு!" என்றாள்.

"ஏம்மா, ஒரு சட்டையில பார்த்தா போதாதா?" என்றுதான் வாயில் வந்தது.

"ஒண்ணை வச்சு முடிவு பண்ணக் கூடாது மாமா. திரும்பத் திரும்பச் செஞ்சு பார்க்கணும்னு டீச்சர் சொல்லியிருக்காங்க."

ப்ளீச்சிங் போட்டால் சிவப்பு நூலும் சேர்ந்து வெளுத்துவிடும். சோப்புப் போட்டுப் பார்த்தேன், கறை அசையவில்லை. சரி, கொதிக்கிற தண்ணீரில் முக்கிப் பார்ப்போம் என்று ஒரு சட்டையின் நெஞ்சுப் பக்கத்தை மட்டும் முக்கினேன். தங்கச்சி, நம்ப மாட்டாய், பொட்டு மாயமாய்ப் போய்விட்டது! நான் குதிக்காத குறை. விறுவிறுவென்று எல்லாவற்றையும் முக்கி எடுத்து மாட்டிவிட்டு, உன் அண்ணியைக் கூப்பிட்டு, "பார், இத்தனை வருஷ அனுபவம் சும்மாவா?" என்று கேட்டேன். அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஏங்க, அனுபவம் திரும்பி வருதே" என்றாள். திரும்பிப் பார்த்தால், துணி ஆற ஆற, முதல் சட்டையில் பொட்டு மெதுவாக எட்டிப் பார்க்கிறது, அப்புறம் அடுத்ததில், அப்புறம் அதற்கடுத்ததில். உன் மகள் கைகொட்டுகிறாள். "சூட்டுல போகுது, ஆறினா வருது! மாமா, இன்னொரு தடவை முக்குங்க!" இன்னொரு தடவை முக்கினேன். போனது. வந்தது.

நான் போய் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவு பெரிய வாடிக்கை கை நழுவிப் போனால் கடையில் பாதி நாள் ஈ ஓட்ட வேண்டியதுதான். சிரித்துக்கொண்டிருந்தவள் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் சத்தம் அடங்கிவிட்டது. கிட்ட வந்து, தன் சட்டையின் முனையைத் திருகிக்கொண்டே நின்றாள். உன் அண்ணி இரண்டு பேருக்கும் எலுமிச்சைச் சாறு பிழிந்து, சர்க்கரை போடுவதற்கு முன்னால் அடுப்படியில் வைத்துவிட்டுப் போனாள். பிள்ளைக்குக் கை சும்மா இருக்குமா? கண்ணில் தண்ணீர் நிற்கிறது, அந்த நிலைமையிலும் சாற்றில் மாவுச்சத்து இருக்கிறதா என்று ஒரு சொட்டு விட்டிருக்கிறாள். "மாமா" என்று கூப்பிட்டாள், சத்தமே இல்லாமல். "கருநீலம் ஆகலை. பழுப்பும் காணோம். மருந்தோட நிறமே போயிடுச்சு."

அவளும் என்னைப் பார்த்தாள், நானும் அவளைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஓடினோம். பொட்டின்மேல் எலுமிச்சைச் சாற்றைத் தடவினாள். கண் எதிரிலேயே கரைந்து போனது. ஆறவிட்டுப் பார்த்தோம், வரவில்லை. உன் அண்ணி வீட்டில் இருந்த பழத்தையெல்லாம் பிழிய, பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா அவர் வீட்டுப் பழத்தையும் கொண்டு வந்து, என்ன ஏது என்று கேட்காமலே பிழிய, பிள்ளை தடவ, நான் அலசித் திரும்பக் கஞ்சி தொட்டு இஸ்திரி போட, ஒரு வழியாகக் கரையேறினோம். கடைசிச் சட்டைக்குச் சாறு இல்லை. அந்த நேரம் பார்த்து விறைப்பு வந்து நிற்கிறார். மிச்சமிருந்தது அவர் சட்டை.

"இது என்ன?" என்று பொட்டைக் காட்டிக் கேட்டார். நான், ஊதுகுழல் நூலில் சாயம் கொஞ்சம் இறங்கி இருக்கிறது போல என்று தொடங்கிவிட்டேன். சிவப்பு நூலிலிருந்து நீலச் சாயம் எப்படி இறங்கும் என்று நானே யோசிப்பதற்குள் உன் மகள் எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்று, "இல்லை சார். நான்தான் சொட்டு விட்டேன். எல்லார் சட்டையிலயும் விட்டேன். மாமாவுக்குத் தெரியாது. மத்ததெல்லாம் போயிடுச்சு, உங்களுது மட்டும் பாக்கி" என்றாள்.

அவர் குனிந்து அவளைப் பார்த்தார். காலர் அவ்வளவு குனிய விடவில்லை, ஆனாலும் குனிந்தார். "போயிடுச்சுன்னா, எப்படிப் போச்சு?" என்று கேட்டார். சொன்னாள். "செஞ்சு காட்டு." பழம் இல்லை என்றாள். அந்த மனுஷர் எதிர்க் கடைக்கு நடந்து போய், கை நிறைய எலுமிச்சம்பழம் வாங்கி வந்தார். செய்து காட்டினாள். பொட்டு போனது. அப்புறம் அவர் தான் போட்டிருந்த சட்டையின் கைமடிப்பை நீட்டி, "இதுல ஒரு சொட்டு விடு பார்ப்போம்" என்றார். விட்டாள், கருத்தது, சாறு தடவினாள், போனது. "இரு, நான் விடறேன்" என்று குழாயை வாங்கிக்கொண்டார். தங்கச்சி, அன்றைக்கு நகர மண்டபத்தில் கச்சேரி தாமதமாகத்தான் தொடங்கியது. சபை காத்திருந்த காரணம் அவருக்கும் எங்களுக்கும் மட்டும்தான் தெரியும்.

ஆக எல்லாம் நல்லபடி முடிந்தது, வாடிக்கையும் நிலைத்தது. ஆனால் எனக்கு வயசாகிறது. ஒரு தடவை பிழைத்தோம், ஒவ்வொரு தடவையும் எலுமிச்சை வந்து காப்பாற்றுமா? அடுத்த பாடம் துரு என்று சொல்கிறாள், என் இஸ்திரிப் பெட்டியை ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள். ஆகையால் மேலே எழுதியபடி அவளை அழைத்துக்கொள். அங்கே ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் எல்லாம் பக்கத்திலேயே இருப்பார்கள், ஏதாவது ஆனாலும் உடனே பார்க்கலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். ராத்திரி டியூட்டி பார்த்தால் பகலில் தூங்கு. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். நீ பரீட்சையில் நல்லபடி தேறி, குடும்பம் ஓரிடத்தில் சேர்ந்து, நீண்ட காலம் நிம்மதியாக இருக்க வேண்டும் என்று நானும் உன் அண்ணியும் மனசார வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: இதை எழுதி மேஜைமேல் வைத்துவிட்டு, நேரே பள்ளிக்கூடம் போய் அந்த டீச்சரை நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்து தபாலில் போடலாம் என்று கிளம்பினேன். டீச்சர் என் தோள் உயரம்தான் இருப்பார் போல, சின்னப் பெண். நான் வாயைத் திறப்பதற்குள், "நீங்கதான் அந்த மாமாவா?" என்று எழுந்து நின்றுவிட்டார். எனக்குக் கேட்க வேண்டிய நாலு வார்த்தையும் மறந்துவிட்டது. வகுப்பறையில் குழாய் இல்லை, அடுப்பு இல்லை, மாற்றங்களைப் பற்றிய பாடம் எல்லாவற்றையும் வாய்ச்சொல்லாகவே நடத்த வேண்டியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்தார். சொல்லி முடிப்பதற்குள், நம்ம கடைப் பின்கட்டு சனிக்கிழமை சும்மாதானே கிடக்கிறது என்று யாரோ சொன்னார்கள். திரும்பிப் பார்த்தேன், வேறு யாரும் இல்லை, நான்தான். நேற்று மொத்த வகுப்பும் வந்து போனது. என்னென்ன உடைந்தது என்று இன்னும் கணக்குப் பார்க்கவில்லை. வந்த பிள்ளைகளிடம் உன் மகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "எதுன்னாலும் எங்க மாமாகிட்ட கேளுங்க, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிடுவாரு" என்றாள். என்னைப் பற்றி இதைவிட நல்லதாக இதுவரை யாரும் சொன்னதில்லை. அவளை அனுப்பிவிடலாமா என்று உன் அண்ணியிடம் கேட்டுப் பார்த்தேன். தாராளமாக அனுப்புங்கள், நானும் துணைக்குப் போகிறேன், நீங்கள் கடையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறாள். ஆகையால் மேலே அழைத்துக்கொள் என்று எழுதியிருக்கிற இடத்தையெல்லாம் நீ படிக்கவில்லை என்று வைத்துக்கொள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு நீ மட்டும் வா, ஒரு வாரம் இருந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போ. அந்த வீட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்.