அரைமணி டாக்டர் கமிட்டியில் நான்

இந்தப் பூமியில் என்னை அதிகமாக நடுங்கவைத்தவர் யார் என்று கேட்டால், ரவுடி, போலீஸ், மாமனார் எல்லாரையும் தள்ளிவிட்டு அரைமணி டாக்டரைத்தான் சொல்வேன். ஆள் நாற்பத்தைந்து கிலோ இருப்பார். அதில் இரண்டு கிலோ மூக்குக் கண்ணாடி.

அரசாங்க ஆஸ்பத்திரியில் மனநல டாக்டராக இருந்து ஓய்வு பெற்று, விருதுநகரில் குடியிருந்தார். தொண்ணூறுகளில், மனநோய்க்கு வைத்தியம் பார்க்கிறவர்களையும் அவர்கள் நடத்தும் விடுதிகளையும் மேற்பார்வை பார்க்க எங்கள் பக்கம் ஒரு கமிட்டி போட்டார்கள். அவர்தான் தலைவர். கமிட்டி நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் விடுதிக்கு லைசென்ஸ். மருத்துவம் தெரியாத பொதுஜனம் ஒருவரும் இருக்க வேண்டும் என்று விதி. அருப்புக்கோட்டையில் பிரஸ் வைத்துக்கொண்டு, கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரை மாற்றி அடித்துக்கொண்டிருந்த என்னைப் பிடித்துப் போட்டார்கள். மூன்றாவது உறுப்பினர் ஒருவரும் உண்டு. சோதனை என்றாலே அவர் சொந்தத்தில் யாருக்காவது காதுகுத்து வந்துவிடும்.

ஆர்டரை வீட்டில் காட்டினேன். என் மனைவி இரண்டு தரம் படித்தாள். "போகச் சொல்லி எழுதியிருக்கு, சரி. திரும்பி வரச் சொல்லி எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டாள்.

டாக்டருக்கு 'அரைமணி' என்ற பெயர் வந்ததற்குக் காரணம் அவருடைய சட்டம். எந்த விடுதிக்குப் போனாலும் முதலில் ரிஜிஸ்டரைப் பார்க்க மாட்டார். ஆளுக்கு ஓர் அறைக்குள் போய், நோயாளியோடு நோயாளியாக, வெளியே பூட்டச் சொல்லி அரைமணி நேரம் உட்கார வேண்டும். நேரம் பார்க்க ஓர் அலாரம் டைம்பீஸைத் துண்டில் சுற்றிக் கொண்டுவருவார்.

"எதுக்கு டாக்டர் பூட்டணும்? சும்மா எட்டிப் பாத்தாப் போதாதா?"

"ஓட்டல்ல எட்டிப் பாத்துட்டு சாப்பாடு நல்லாருக்குன்னு சொல்லுவீங்களா தம்பி?"

மல்லாங்கிணறு பக்கத்தில் முதல் தடவை உட்கார்ந்தேன். தாழ்ப்பாள் விழுந்த நாலாவது நிமிஷம் எனக்குத் தெரிந்த சாமிகள் தீர்ந்துவிட்டன. பத்தாவது நிமிஷம் மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்டேன். இருபதாவது நிமிஷம் மச்சினன் தலையையும் சேர்த்துக்கொண்டேன். அந்த அறையில் இருந்த பெரியவர் எனக்கு விசிறிவிட்டார்.

நரிக்குடி போகிற பஸ்ஸில் ஒருநாள் தைரியமாகக் கேட்டுவிட்டேன். "ஊரில அம்புட்டுப் பேரு இருக்கையில என்னைய ஏன் டாக்டர் போட்டீங்க?"

"விசாரிச்சேன் தம்பி. அருப்புக்கோட்டையில ரொம்பப் பயந்த ஆளு யாருன்னு. மூணு பேரு ஒங்க பேரச் சொன்னாக. ஒருத்தரு ஒங்க மச்சினன்." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "தைரியமான ஆளப் போட்டா, உள்ள போயித் தூங்கிருவான்."

அன்றைக்குப் போன விடுதி திருச்சுழி தாண்டி, கருவேலங்காட்டுக்கு நடுவில். வரிசையாக சிமெண்டு ஷீட் போட்ட அறைகள். நடத்துகிறவர் தன்னை வைத்தியர் என்று சொல்லிக்கொண்டார். சுவரில் ஏழு சர்டிபிகேட் மாட்டியிருந்தது. கிட்டப் போய்ப் படித்தேன். ஒன்று டைப்ரைட்டிங் லோயர்.

டாக்டர் தன் சட்டத்தைச் சொன்னார். வைத்தியர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்தடுத்த அறைகளில் எங்களை வைத்துப் பூட்டினார்கள்.

என் அறையில் ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பாலவனத்தத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவராம். மனைவி இறந்தபிறகு ஒரு மாதம் தூக்கமில்லாமல் அலைந்தாராம். நிதானமாகப் பேசினார்.

"நீங்க எதுக்கண்ணே வந்திருக்கீக?"

"சும்மா, அரைமணி நேரம் உக்காந்துட்டுப் போக."

அவர் என்னை இரக்கமாகப் பார்த்தார். "என்னையவும் அப்பிடித்தான் சொல்லிக் கூட்டியாந்தாக."

"எம்புட்டு நாளாச்சு?"

"ரெண்டு வருசம். மூணாம் மாசமே சரியாயிட்டேன். கூட்டிப்போக ஆள் வந்தாத்தான் விடுவாகளாம். ஆள் வரல."

பக்கத்து அறையில் டைம்பீஸ் அலறியது. அலறி அலறி, சாவி தீர்ந்து, ஓய்ந்தது. கதவு திறக்கவில்லை. நான் கதவைத் தட்டினேன். "ஏப்பா! நான் கமிட்டி மெம்பரு!"

வெளியே காவலாள் மாறியிருந்தான். புதுக் குரல் ஒன்று இன்னொருவனிடம் சொன்னது: "ஏலே, உள்ள ஒருத்தரு கமிட்டி மெம்பராம்லே!"

"போன வாரம் ஒருத்தரு கலெக்டரா இருந்தாரு. சாயங்காலத்துக்குள்ள சரியாயிருச்சு."

அப்போது கதவில் இருந்த சின்னப் பலகை திறந்தது. வைத்தியரின் மீசை தெரிந்தது. கூடவே லைசென்ஸ் சிபாரிசு பாரமும் ஒரு பேனாவும் உள்ளே வந்தன.

"கையெழுத்துப் போட்டுருங்க சார். சாவி எங்கயோ வச்சிட்டோம். போட்டா ஒருவேள கெடைக்கும்."

பேனாவை வாங்கிவிட்டேன். மறைக்காமல் சொல்கிறேன், என் இனிஷியலையும் போட்டுவிட்டேன். சைக்கிள் கடைக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் போட்டுவிட்டுப் போய்விடுவேன். அவர் இங்கேயே கிடப்பார். இரண்டு பேருக்கும் அது தெரியும்.

சுவருக்கு அந்தப்பக்கம் டாக்டர் குரல் கேட்டது. அவர் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதில்லை. "தம்பி, முடியலேன்னா போட்டுருங்க. நான் வருத்தப்பட மாட்டேன்."

நான் பெரிய வீரனாகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். பயம்தான் இன்னும் கொஞ்சம் கூடியது. இது நல்ல இடம் என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டால், நாளைக்கு என் மனைவி என்னை இங்கே கொண்டுவந்து விடுவதை யார் தடுப்பார்கள்? மச்சினன் வாடகைக் கார் பிடித்துக்கொண்டு வருவானே! பாரத்தை நாலாகக் கிழித்தேன். "போட மாட்டேன்யா!" என்று கத்தினேன். கத்திவிட்டு சைக்கிள் கடைக்காரர் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

பலகை மூடியது. ஷீட்டு வெயிலில் டக் டக் என்று வெடித்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. திடீரென்று வெளியே ஒரு விசில்.

"வைத்தியரய்யா! ரெண்டு டிக்கெட்டு உள்ள இருக்கு. அனுப்பி விடுங்க, பஸ்ஸு லேட்டாகுது!"

கண்டக்டர்! எந்த விடுதிக்குப் போனாலும், "திரும்பும்போது நாங்க ஏறலேன்னா உள்ள வந்து கூப்பிடுப்பா" என்று கண்டக்டரிடம் சொல்லிவைப்பது டாக்டரின் வழக்கமாம். எனக்கு அன்றுதான் தெரிந்தது. கண்டக்டருக்குப் பின்னால் பஸ்ஸே இறங்கி வந்து நின்றது. ஒருவர் ஆட்டுக்குட்டியோடு நின்றார். சாவி உடனே கிடைத்தது.

டாக்டர் வெளியே வந்தார். சட்டை தண்ணீரில் முக்கி எடுத்ததுபோல் இருந்தது.

"எனக்குப் பூட்டுன அறைன்னா சின்ன வயசிலருந்தே ஆகாது தம்பி" என்றார், கத்திரிக்காய் ஒத்துக்காது என்பதுபோல.

அங்கேயே நின்று ரிஜிஸ்டரில் லைசென்ஸ் கூடாது என்று எழுதினார். சைக்கிள் கடைக்காரரைக் கால்மணி நேரம் விசாரித்து, 'என் பொறுப்பில் கூட்டிப் போகிறேன்' என்று அதற்குக் கீழே எழுதினார். மற்றவர்களை மறுநாளே போலீசோடு வந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்.

பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் டாக்டர் நடுவில் உட்கார்ந்தார். திருச்சுழி வருவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். தூக்கத்திலும் என் சட்டை நுனியை இறுக்கிப் பிடித்திருந்தார்.

அருப்புக்கோட்டை வந்தது. "அண்ணே, ஒங்க ஸ்டாப்பு" என்றார் கண்டக்டர்.

"விருதுநகருக்கு ஒரு டிக்கெட் குடுப்பா" என்றேன்.

"நீங்க எறங்குங்கண்ணே, நான் பாத்துக்கிறேன்" என்றார் சைக்கிள் கடைக்காரர்.

"நீங்க பாலவனத்தத்துல எறங்கிருவீக. அங்கிட்டு விருதுநகர் வரைக்கும் இவுக தனியால்ல இருக்கணும்?"